ஜன்னலோரத்து வரி

புது டீச்சருக்கு அமைதி என்றாலே ஆகாது. ஒரு பிள்ளை எழுந்து நின்று, வாயைத் திறந்து, அடுத்த எழுத்து வராமல் கண்ணை உருட்டிக்கொண்டு தவித்தால், அவளுக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிடும். மூச்சு விடும் நேரம்கூடப் பொறுக்க மாட்டாள். தானே அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்துவிடுவாள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று பிள்ளையும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும்.

இப்படி எடுத்துக்கொடுத்து எடுத்துக்கொடுத்தே தன் சொந்த மகளுக்கு ஒரு சொல்லும் தானாகப் படிக்க வராமல் செய்துவிட்டோம் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை. மகளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். சுண்டுவிரல் மாதிரி பிறந்தவள் என்று பஸ் டிரைவரான அவள் அப்பா வைத்த பெயர். அம்மாவுக்கு வருஷத்தின் நடுவில் மாற்றல் வந்ததால், சுண்டுவும் பையைத் தூக்கிக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்கு, அம்மாவின் இரண்டாம் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். முதல் நாள் காலையில் தலைவாரும்போதே டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஸ்கூல்ல நான் அம்மா இல்ல. டீச்சர். புரிஞ்சுதா? அம்மா அம்மான்னு பின்னாடியே வந்த, அவ்வளவுதான்."

சுண்டு தலையாட்டினாள். அவளுக்குச் சொன்ன பேச்சு கேட்கத் தெரியும். படிக்கத்தான் தெரியாது.

அந்த வகுப்பில் படிப்புக்கு ஒரு முறை இருந்தது. பழைய டீச்சர் பெரிய பெரிய சார்ட்டுகளில் பாடங்களை எழுதிவைத்துவிட்டு மாற்றலாகிப் போயிருந்தாள். ஆளுக்கொரு வரி. டீச்சர் குச்சியை வரியின் கீழே வைப்பாள். முறைக்காரப் பிள்ளை எழுந்து அதைப் படிக்கும். பிறகு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்லும். கதவோரத்து வரிசையில் தொடங்கி, கடைசிக்குப் போய், ஜன்னலோரமாக முன்னால் வந்து முடியும். ஆளுக்கொரு சின்ன மேசை. ஜன்னலோர வரிசையில் சுண்டுவுக்குக் கிடைத்தது இரண்டாவது மேசை. அவளுக்கு முன்னால் இருந்த மேசை காலியாக இருந்தது.

முதல் நாள் முறை சுற்றி சுண்டுவிடம் வந்தது. அவள் இடது கை விரலைக் காற்றில் நீட்டி, எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இரண்டாவது எழுத்திலேயே நின்றுவிட்டாள். டீச்சர் வழக்கம்போல முழு வரியையும் எடுத்துக்கொடுத்து உட்காரவைத்தாள். பிறகு குச்சி கடைசி வரிக்குப் போனது. "அணில் நன்றி சொன்னது" என்பது வரி.

யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் காலி மேசையைப் பார்த்தார்கள். ஒருவரும் இருமவில்லை, காலை ஆட்டவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்துத் தையல் கடையில் காலையிலிருந்து கடகடத்துக்கொண்டிருந்த மெஷின்கூட நின்றுவிட்டது. டீச்சர் வாயைத் திறக்கப்போன நேரத்தில், யாரோ சொல்லி முடித்த மாதிரி, வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "அணில் நன்றி சொன்னது" என்றது. எதிரே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

"யாரு படிச்சது இப்போ?"

"அவதான் டீச்சர்" என்றாள் முன்வரிசையில் இருந்த இரட்டைச்சடைக்காரி.

"எவ?"

இரட்டைச்சடை காலி மேசையைக் காட்டினாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல இருந்தது அவள் முகம்.

டீச்சருக்கு முழங்கை வரை மயிர் சிலிர்த்தது. ஆனால் சிலிர்த்ததை ஒத்துக்கொள்கிற ஆள் அவள் இல்லை. பழைய டீச்சர் ஏதோ விளையாட்டு பழக்கிவைத்திருக்கிறாள், வேலையற்ற வேலை என்று மனதுக்குள் திட்டிவிட்டுப் பாடத்தை முடித்தாள். மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் பாடம் அந்தக் காலி மேசையோடுதான் முடிந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கொஞ்ச நேரத்தில் டீச்சரின் உள்ளங்கை அரித்தது.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தலைமை ஆசிரியையை அங்கே எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். வாரக் கடைசியில் ஒவ்வொரு வகுப்பாக வந்து, பிள்ளைகள் படிப்பதைக் கேட்பது அவர் வழக்கம். வந்த முதல் வாரமே சுண்டுவைக் கேட்டுவிட்டு, "இது உங்க பொண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கண் டாக்டரிடம் காட்டியாயிற்று, கண்ணில் ஒன்றுமில்லை. வீட்டில் அதட்டியாயிற்று, கொஞ்சியாயிற்று. மிச்சம் இருந்தது இடம் மாற்றிப் பார்ப்பது ஒன்றுதான்.

"சுண்டு, பையை எடுத்துக்கிட்டு முன்னாடி மேசைக்கு வா."

வகுப்பு சட்டென்று அடங்கியது.

"டீச்சர், அது அவ இடம்" என்றாள் இரட்டைச்சடை.

"இல்லாதவளுக்கு எதுக்குடி இடம்? இருக்கிறவ உக்காரட்டும்."

சுண்டு வந்து உட்கார்ந்தாள். மேசையின் மேல் இரண்டு கைகளையும் விரித்துவைத்துத் தடவிப் பார்த்தாள். அவள் காலியாக விட்டுவந்த இரண்டாவது மேசைக்கு முறை வந்தபோது, நேரம் வீணாகக் கூடாது என்று அந்த வரியை டீச்சரே படபடவென்று படித்துத் தள்ளிவிட்டாள். பிறகு குச்சியைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனாள். எடுத்துக்கொடுக்க வாயைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

தேவைப்படவில்லை. சுண்டு எழுந்தாள். வலது கை விரலை நீட்டினாள். ஒரு தடங்கல் இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, முற்றுப்புள்ளியில் அழகாக நின்று, வரியைப் படித்து முடித்தாள்.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு வரியைக் காட்டினாள், படித்தாள். நடத்தாத பாடத்தின் சார்ட்டை எடுத்து மாட்டினாள், அதையும் படித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில், ஒன்றை அவள் கவனிக்கவில்லை. எதிர்க்கடையில் நின்ற மெஷின் அன்று சாயங்காலம் வரை ஓடவே இல்லை. இன்னொன்றைக் கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் யாரும் அந்த வரியைத் திருப்பிச் சொல்லவில்லை.

அன்று வீட்டில் கொண்டாட்டம்தான். சுண்டு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். சோப்பு உறை, காலண்டர், மருந்துப் பாட்டில், அப்பாவின் காக்கிச் சட்டையில் குத்தியிருந்த வில்லை. அப்பா அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

"போதும் அங்கிள், தலை சுத்துது" என்றாள் சுண்டு.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியாடி, படிப்பு வந்ததும் நான் அங்கிள் ஆயிட்டேன்!"

டீச்சரும் சிரித்தாள். "டீச்சர், தண்ணி வேணும்" என்று மகள் கேட்டபோதும் சிரித்தாள். சொல்லிக்கொடுத்தது அவள்தானே. பள்ளிக்கூடத்துப் பழக்கம் வீடு வரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் நினைத்தாள். முட்டை என்றால் காத தூரம் ஓடுகிறவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோதும், பிறந்ததிலிருந்து இடது கைக்காரியாக இருந்தவள் வலது கையால் முத்து முத்தாக எழுதியபோதும், நல்லதற்குத்தான் மாறுகிறாள் என்றே நினைத்தாள். மகள் படிக்கிறாளே, வேறென்ன வேண்டும்?

வாரம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, விளையாட்டாகச் சொன்னாள். "ஸ்கூல் முடிஞ்சுது. இப்ப நான் டீச்சர் இல்லடி. அம்மான்னு கூப்பிடு, பாக்கலாம்."

சுண்டு பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசற்படியிலேயே நின்றாள். பிறத்தியார் வீட்டுக்கு வந்த பிள்ளை நிற்பது மாதிரி நின்றாள்.

"எங்க அம்மா எப்ப டீச்சர் வருவாங்க?" என்றாள். "கடை மூடுற நேரம் ஆயிடுச்சே."

டீச்சர் கழற்றிய செருப்பைக் கீழே போட்டாள். "சுண்டு" என்றாள். பிள்ளை திரும்பவில்லை. "சுண்டு!" என்று கத்தினாள். பிள்ளை மரியாதையாக அக்கம்பக்கம் பார்த்தது. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தேடியது.

மறுநாள் வகுப்பில் டீச்சருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. குச்சி தன் பாட்டுக்கு வரிவரியாக நகர்ந்தது. சுண்டு விட்டுப்போன இரண்டாவது மேசையின் வரியை இத்தனை நாளும் அவளேதான் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அன்று அது மறந்துபோயிற்று. குச்சியை வைத்தபடி சும்மா நின்றாள்.

வகுப்பு அமைதியானது. எல்லாத் தலைகளும் திரும்பின. முன்மேசையில் உட்கார்ந்திருந்த மகளை யாரும் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த காலி மேசையைத்தான் பார்த்தார்கள். பிறகு மெல்ல, தடுக்கித் தடுக்கி, வகுப்பு மொத்தமும் சொல்லத் தொடங்கியது.

"கு... ரு... குரு... வி..."

அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது எழுத்தில் ஒரு மூச்சு, மூன்றாவதில் ஒரு திணறல். அந்தத் திணறலை டீச்சருக்குத் தெரியும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனை நாள் கேட்டிருக்கிறாள்! பிள்ளைகள் காலி மேசையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்கள்.

"எடுத்துக்குடுங்க டீச்சர்" என்றாள் இரட்டைச்சடை. "சுண்டு நிக்கிறா. தினமும் நிக்கிறா. நீங்கதான் அவளைப் படிக்க விடாம நீங்களே படிச்சிடுறீங்க."

முன்மேசையில் இருந்தது திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு, தன் வரிக்காகச் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சர் பெரிய டீச்சரின் அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். பெரிய டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன். எதிர்க்கடைத் தையல்காரம்மா பொண்ணு. ஒன்னாம் வகுப்புக்குப் பேர் குடுத்திருந்தாங்க. படிக்கணும் படிக்கணும்னு குதிச்சுக்கிட்டு இருந்ததாம். யூனிஃபாரம் தைச்சாச்சு. பை வாங்கியாச்சு. ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு காய்ச்சல். அவ்வளவுதான். முதல் நாள் அந்த அம்மா அந்த யூனிஃபாரத்தைக் கொண்டாந்து, அந்த மேசை மேல வச்சுட்டு, 'ஒரு நாள்கூட உக்காரலையே டீச்சர்'னு அழுதாங்க. பழைய டீச்சருக்கு மனசு கேக்கல. அந்த இடத்தை அப்படியே விட்டு, அதுக்கும் ஒரு வரி எழுதுனாங்க. சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான். பிள்ளைங்க ஒன்னாவதுல இருந்து ரெண்டாவதுக்கு வந்தாங்க, மேசையும் கூடவே வந்துச்சு." பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைங்க எப்ப திருப்பிச் சொல்ல ஆரம்பிச்சாங்கன்னு எங்களுக்கே தெரியாது."

பள்ளி விட்டதும் டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். பாதித் தெருவில் பிள்ளை கையை உருவிக்கொண்டு ஓடியது. கடைப் படியில் தாவி ஏறியது. மெஷினுக்குப் பக்கத்து முக்காலியில் பழகிய மாதிரி உட்கார்ந்து, மேசைக்கு அடியில் கையை விட்டு, பித்தான் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அந்த டப்பா அங்கே இருப்பது டீச்சருக்குத் தெரியாது. சுண்டுவுக்கும் தெரிய வழியில்லை.

தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மெலிந்த உடம்பு, கழுத்தில் அளவு டேப். இத்தனை நாளாக அழுத கண்.

"ஜன்னல் வழியா வகுப்புச் சத்தம் வரும், டீச்சர்" என்றாள். "ஒன்னரை வருஷமா அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். ஒன்னும் கேக்காது. பிள்ளைங்க திருப்பிச் சொல்றதுதான் கேக்கும். ஓகோ, இன்னைக்கு என் பொண்ணு இதைப் படிச்சிருக்குன்னு நினைச்சுக்குவேன். இந்த வாரம் அவ குரலே கேக்குது. நான் என்ன பண்ணட்டும்? வேண்டாம்னு சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்?"

டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "அக்கா, என் பொண்ணு பின்னாடி மேசையில நிக்கிறா. அவ குரல் எனக்குக் கேக்கல. உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும்ல."

தையல்காரம்மா கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்றி மெஷின் மேல் வைத்தாள். முக்காலியில் இருந்தது பித்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் டீச்சரின் பையிலிருந்து பாடப்புத்தகத்தை வாங்கி, அதன் மடியில் வைத்தாள்.

"ஒரு பாடம் முழுசா படிச்சுக் காட்டு கண்ணு. அம்மா கேக்கட்டும்."

அது படித்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எல்லோருடைய வரியையும் படித்தது. தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மகள் உடம்பில் வேறொரு பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக, அந்தப் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படிக்கிறது என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

"போதும்டி தங்கம். நல்லா படிச்ச" என்றாள் தையல்காரம்மா. "இது வேற வீட்டுப் பொண்ணோட உடம்பு. குடுத்துடு. உன் இடம் உனக்கு இருக்கும். உன் வரியும் உனக்கு இருக்கும். டீச்சர் வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்க." நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். "குடுக்க மாட்டீங்கதானே?"

"மாட்டேன்" என்றாள் டீச்சர். "என் பொண்ணு மேல சத்தியம்."

பிள்ளை புத்தகத்தை மூடியது. தையல்காரம்மாவின் மடியில் தலையைச் சாய்த்தது. அவள் அந்தத் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். அவள் கை எப்போது நின்றது என்று டீச்சர் பார்க்கவில்லை. "அம்மா, பசிக்குது" என்ற குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். சுண்டு இடது கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இது யார் வீடு என்று விழித்தாள். மடியிலிருந்து பித்தான்கள் சிதறி உருண்டன. இரண்டு அம்மாக்களும் அவற்றைப் பொறுக்கவில்லை.

மறுநாள் சுண்டு இரண்டாவது மேசையில் உட்கார்ந்தாள். முன்மேசையை டீச்சர் தன் முந்தானையாலேயே துடைத்து வைத்தாள். முந்தின நாள் பாதியில் நின்ற குருவிப் பாடம்தான் அன்றும். முறை சுற்றி வந்து சுண்டுவிடம் நின்றது. "குருவி வழியைக் கண்டுபிடித்தது" என்பது வரி.

சுண்டு எழுந்தாள். இடது விரலை நீட்டினாள். "கு... ரு... குருவி..." என்றாள். "வ... ழி..." என்றாள். நின்றாள். டீச்சருக்கு உள்ளங்கை அரித்தது. குச்சியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டாள். இந்தத் திணறலை மறுபடி கேட்கமாட்டோமா என்று நேற்றெல்லாம் ஏங்கியவள் அவள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கத் தயாராக இருந்தாள்.

"வழி... யைக்... கண்... டு... பி... டித்... தது." சுண்டு மூச்சு விட்டாள். "கண்டுபிடித்தது! குருவி வழியைக் கண்டுபிடித்தது!"

வகுப்பு அதைத் திருப்பிச் சொல்லி ஓய்ந்தது. டீச்சரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. சுண்டு உட்காரவில்லை. பிறந்ததிலிருந்து தானாக ஒரு வரி படித்தது அதுதான் முதல் தடவை. குதித்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், டீச்சர்! அடுத்த வரியும் நானே படிக்கட்டா?"

இந்தக் கேள்வியைத்தான் இந்த அம்மா எத்தனையோ நாளாகக் கேட்கக் காத்திருந்தாள். கடைசி வரி மட்டும்தான் மிச்சம் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் மெஷின் நின்றது.

"வேண்டாம்டா" என்றாள் டீச்சர். "அது உன் வரி இல்ல. உக்காரு."

சுண்டுவின் முகம் வாடியது. உட்கார்ந்தாள். டீச்சர் குச்சியைக் கடைசி வரியின் கீழே வைத்தாள். "குருவி கூட்டுக்குத் திரும்பியது." யாரும் இருமவில்லை, காலை ஆட்டவில்லை. டீச்சர் சொல் சொல்லாகக் குச்சியை நகர்த்தினாள். சின்னப் பிள்ளை படிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த அமைதியில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று காதைக் கூர்மையாக்கினாள்.

பிறகு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அந்த வரியைத் திருப்பிச் சொன்னது. சுண்டுவும் சேர்ந்து சொன்னாள். இந்த முறை டீச்சரும் சொன்னாள். எதிர்க்கடையில் மெஷின் ஓடத் தொடங்கியது.